பேஸ்பால் சாதனை எண்களை வாசிப்பது எப்படி: வியப்பூட்டும் கணக்குகளைக் கையால் சரிபார்க்கும் வழி

ஒரு தாளில் 3771 என்று எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஹாங்க் ஏரன் 1954 முதல் 1976 வரை அடித்த மொத்த ஹிட்கள் அவை. பந்தை அடித்து, ஓட்டப்பாதையின் நான்கு முனைகளான பேஸ்களில் முதலாவதையேனும் தடுப்பாளரின் பிழையின்றி எட்டுவதே ஹிட். அதிலிருந்து அவருடைய ஹோம் ரன்கள் (பெரும்பாலும் வேலிக்கு அப்பால் அடித்து, எல்லா பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவருபவை) 755-ஐக் கழித்தால் 3016 மீதி வரும். 3000 ஹிட்களைத் தொடுவது அந்த ஆட்டத்தில் ஒருவரின் வாழ்நாள் சாதனையாகக் கருதப்படுகிறது. அப்படியிருக்க, ஹோம் ரன் மன்னர் என்று உலகம் கொண்டாடும் ஏரன் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் போயிருந்தாலும், மற்ற ஹிட்களின் பலத்திலேயே அந்த வரிசையில் இடம்பெற்றிருப்பார். ஒரே ஒரு கழித்தல் கணக்கு அந்த மனிதரைப் பற்றி நாம் வைத்திருந்த எண்ணத்தை மாற்றிவிடுகிறது.

பேஸ்பால் வரலாற்றில் இத்தகைய விந்தைகள் ஏராளமாக இருக்கின்றன. இணையத்தில் அவற்றைத் துணுக்குகளாகப் படித்து வியந்துவிட்டு மறந்துபோவதைக் காட்டிலும், அவற்றை நாமே கணக்கிட்டுப் பார்த்து, எது உண்மையிலேயே அரியது, எது கணக்கு முறையால் விளைந்த தோற்றம் என்று பிரித்தறிவது மிகுந்த நிறைவைத் தரும். அதற்கான வழிமுறையை, கிரிக்கெட் அறிந்து பேஸ்பாலுக்குப் புதியவராக இருக்கும் வாசகரை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், அட்-பேட் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பேஸ்பாலின் ஸ்கோர் பதிவு முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் வட்டாரத்தில் கிரிக்கெட் செய்திகள் எழுதிவந்த அவர், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் ஒழுங்கைப் பேஸ்பாலுக்குக் கொண்டுவந்தார். ஆகவே பாக்ஸ் ஸ்கோர் எனப்படும் ஆட்டக் குறிப்பைப் பார்க்கும்போது கிரிக்கெட் ரசிகருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் சராசரி என்ற சொல் மட்டும் இடறிவிடும். கிரிக்கெட்டில் எடுத்த ரன்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பாலில் அடித்த ஹிட்களை அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு) எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அதனால் சராசரி எப்போதும் 0-க்கும் 1-க்கும் இடையில் மூன்று தசம இடங்களோடு எழுதப்படும். 0.300 எடுப்பவர் சிறந்த பேட்டர், 0.400 எடுப்பவர் வரலாற்றில் நிற்பவர்.

ஒரு பேட்டர் களத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் அட்-பேட் ஆகிவிடாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஸ்ட்ரைக் எல்லை எனப்படும் அடிக்கத்தக்க பகுதிக்கு வெளியே நான்கு பந்துகளை வீசியதால் வாக் பெற்று முதல் பேஸுக்குச் சென்றால் அது அட்-பேட் கணக்கில் சேராது. பந்து உடலில் பட்டு முதல் பேஸுக்குப் போனாலும், சக வீரரை முன்னேற்றுவதற்காகத் தம்மை அவுட் ஆக்கிக்கொண்ட சாக்ரிஃபைஸ் ஆனாலும் அப்படியே. இந்த நுட்பம் பிடிபட்டால், 1951 ஆகஸ்ட் 19 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஒரே ஒரு முறை களமிறங்கிய எடி கெய்டலின் பதிவு விளங்கிவிடும். அவருடைய உயரம் 3 அடி 7 அங்குலம். சட்டையில் எண் 1/8. அணி உரிமையாளர் பில் வெக்கின் ஏற்பாட்டில் இறங்கிய அவருக்கு எதிராக ஸ்ட்ரைக் எல்லைக்குள் பந்தை வீச முடியாமல் பிட்சர் நான்கு பந்துகளில் வாக் கொடுத்தார். முதல் பேஸை எட்டும் விகிதத்தில் கெய்டலின் வாழ்நாள் கணக்கு 1.000. ஆனால் பேட்டிங் சராசரி என்று கேட்டால் விடையே கிடையாது. வகுக்க வேண்டிய எண் சுழியம்.

அவருக்கு அருகில் ஜான் பேசியோரெக்கை வைத்துப் பாருங்கள். 1963-இன் இறுதியில் ஹூஸ்டன் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார்; மூன்று அட்-பேட்களில் மூன்று ஹிட்கள், கூடவே இரண்டு வாக்குகள். வாழ்நாள் சராசரி 1.000. முதுகுக் கோளாறு அவரை மீண்டும் மேஜர் லீக்கில் ஆடவிடவில்லை. ஒரு விகிதம் வியப்பூட்டினால் வகுக்கும் எண் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இதற்காகவே இன்றைய பேட்டிங் சராசரிப் பட்டத்துக்கு, அணியின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 வாய்ப்புகள், அதாவது 162 ஆட்டப் பருவத்துக்கு 502 வாய்ப்புகள் என்ற தகுதி வரம்பு இருக்கிறது.

பாக்ஸ் ஸ்கோரை நிரூபித்துப் பாருங்கள்

வரவும் செலவும் பொருந்த வேண்டிய கணக்குப் புத்தகத்தைப் போலவே பாக்ஸ் ஸ்கோருக்கும் ஒரு சமன்பாடு உண்டு. ஆட்ட விதிகளிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அணியின் அட்-பேட், வாக், உடலில் பந்து பட்டவை, சாக்ரிஃபைஸ், குறுக்கீட்டால் கிடைத்த முதல் பேஸ் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மறுபுறம் அந்த அணியின் ரன்கள், பேஸில் எஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட்கள் ஆகியவற்றைக் கூட்டுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கணக்குச் சரி. களத்துக்கு வந்த ஒவ்வொரு பேட்டரும் ரன் எடுத்திருக்க வேண்டும், அவுட் ஆகியிருக்க வேண்டும், அல்லது பேஸில் நின்றிருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இதைப் பழகுவதற்கு நான் பரிந்துரைக்கும் ஆட்டம் 1959 மே 26 அன்று மில்வாக்கியில் நடந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் முதல் 36 பேட்டர்களையும் வரிசையாக அவுட் ஆக்கினார். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என 12 இன்னிங்ஸ் வரை ஒருவரும் முதல் பேஸைக்கூட எட்டவில்லை. ஆனால் பிரேவ்ஸின் லூ பர்டெட் 12 ஹிட்களைக் கொடுத்தும் ஒரு ரன்னும் விடாததால், ஆட்டம் 0-0 என்றே 13-ஆவது இன்னிங்ஸுக்குள் சென்றது.

இப்போது பென்சிலை எடுங்கள். 13-ஆவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் ஃபீலிக்ஸ் மான்டியா, மூன்றாம் பேஸ் தடுப்பாளரின் எரரால், அதாவது தடுப்புப் பிழையால், முதல் பேஸை அடைந்தார். அடுத்து எடி மாத்யூஸ் சாக்ரிஃபைஸ் செய்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஏரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுக்கப்பட்டது. நான்காவதாக வந்த ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். முறைப்படி அது மூன்று ரன் ஹோம் ரன். ஆனால் மான்டியா ஓடிவந்ததுமே ஆட்டம் முடிந்ததென்று எண்ணிய ஏரன் ஓடுபாதையை விட்டு விலகிவிட, பின்னால் வந்த அட்காக் அவரைக் கடந்துவிட்டார். முன்னால் ஓடுபவரைக் கடந்தவர் அவுட் என்பது விதி. மறுநாள் லீக் தலைவர் அதை டபுளாக, அதாவது இரண்டு பேஸ் ஹிட்டாகக் குறைத்து, முடிவு 1-0 என்று தீர்ப்பளித்தார்.

கணக்கு இதுதான். முதல் 36 பேரும் அட்-பேட். மான்டியா, அட்காக் இருவரையும் சேர்த்தால் 38. ஏரனின் வாக் 1, மாத்யூஸின் சாக்ரிஃபைஸ் 1. ஆக மொத்தம் 40. மறுபுறம், மான்டியாவின் ரன் 1. பேஸில் எஞ்சியவராக ஏரன் 1. அவுட்கள் 36, மாத்யூஸ் ஒன்று, அட்காக் ஒன்று என 38. ஆக மொத்தம் 40. ஹாடிக்ஸின் பெயருக்கு நேராக 13 இன்னிங்ஸ் என்றோ 12 என்றோ இல்லாமல் 12⅔ இன்னிங்ஸ் என்று ஏன் இருக்கிறது என்பது இந்தக் கூட்டலைச் செய்தவருக்கு விளங்கும். அந்த ⅔-இல் ஒரு பங்கு, தம் அணிக்கு வெற்றியைத் தேடித் தந்த பேட்டரே ஓட்டத்தில் அவுட் ஆனதால் கிடைத்தது. ஒரு ஹிட் மட்டும் கொடுத்து, 36 பேரைத் தொடர்ந்து வீழ்த்தி, தோற்றுப்போன அந்த மனிதரின் இரவு முழுவதும் இந்தச் சிறிய பின்னத்துக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தசமத்தை நீட்டிப் பாருங்கள்

அச்சில் மூன்று இடங்களோடு நின்றுவிடும் சராசரியை ஐந்து இடங்களுக்கு நீட்டினால் சில கதைகள் வெளிவரும். 1941 பருவத்தின் கடைசி நாளான செப்டம்பர் 28 காலையில் டெட் வில்லியம்ஸின் கணக்கு 448 அட்-பேட்களில் 179 ஹிட்கள். வகுத்தால் 0.39955. மூன்று இடங்களுக்கு முழுமையாக்கினால் 0.400. அன்று பிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் ஏடுகளில் 0.400 என்றே பதிந்திருக்கும். அவர் இரண்டிலும் ஆடினார். முதல் ஆட்டத்தில் 5-க்கு 4, இரண்டாவதில் 3-க்கு 2. ஆக 456-க்கு 185, சராசரி 0.406. அதன் பிறகு தேசிய, அமெரிக்க லீக் இரண்டிலும் ஒருவரும் ஒரு முழுப் பருவத்தில் 0.400-ஐ எட்டவில்லை. கடைசி இன்னிங்ஸில் நான்கு ரன் எடுக்க முடியாமல் 99.94-இல் நின்ற பிராட்மனை அறிந்தவர்களுக்கு, அந்தக் காலைப் பொழுதின் கனம் தனியாகச் சொல்லாமலே புரியும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. உயரமாக அடித்துப் பிடிபட்டு, அதனால் மூன்றாம் பேஸிலிருந்து சக வீரர் ரன் எடுத்தால், அதை இன்று அட்-பேட்டில் சேர்ப்பதில்லை. 1941-இல் சேர்த்தார்கள். இன்றைய விதியில் கணக்கிட்டிருந்தால் வில்லியம்ஸின் சராசரி 0.406-ஐயும் தாண்டியிருக்கும். ஆகவே இரு காலங்களின் எண்களை ஒப்பிடும் முன், அந்தந்த ஆண்டின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றி-தோல்விக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

பிட்சரின் பெயரில் எழுதப்படும் வெற்றியும் தோல்வியும் அவருடைய அணி எத்தனை ரன் எடுத்தது என்பதைப் பொறுத்தவை. அவருடைய சொந்தத் திறனை அறிய இ.ஆர்.ஏ. எனப்படும் அளவைப் பாருங்கள். எரர் இல்லாமல் அவர் விட்டுக்கொடுத்த ரன்களை, ஓர் ஆட்டத்தின் இன்னிங்ஸ் எண்ணிக்கையான 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் அது கிடைக்கும். 1968-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் 304⅔ இன்னிங்ஸில் அத்தகைய ரன்கள் 38 மட்டுமே கொடுத்தார். 342-ஐ 304.67-ஆல் வகுத்தால் 1.12. நம்ப முடியாத இந்த அளவோடு அவர் அந்த ஆண்டில் 22 ஆட்டங்களை வென்று 9 ஆட்டங்களில் தோற்றார். 1987-இல் ஹூஸ்டனின் நோலன் ரயன் 2.76 இ.ஆர்.ஏ., 270 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வீழ்த்துவது) ஆகிய இரண்டிலும் தம் லீக்கில் முதலிடம் பெற்றார்; ஆனால் அவர் வென்றவை 8, தோற்றவை 16. அதிகம் வென்றவர் சை யங் என்றால், 511 வெற்றிகளோடு, மேஜர் லீக்கில் அதிகம் தோற்ற பிட்சரும் அவர்தான். நீண்ட காலம் ஆடியவருக்கே தோற்பதற்கான வாய்ப்பும் கிடைக்கிறது.

கிப்சனின் எண்ணைப் பார்க்கையில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 1968-இல் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலம். அந்தப் பருவத்தில் பிட்சர்களின் கை அளவுக்கு மீறி ஓங்கியதால், 1969 முதல் அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். கிப்சனின் பெருமையை இது குறைக்காது. ஆனால் எந்த மண்ணில் அந்தச் சாதனை விளைந்தது என்று அறிந்து பேசுவது நியாயம்.

விளக்கமும் பதிவும் மாறக்கூடியவை

சாதனை என்பது கல்வெட்டு என்று நினைத்தால் ஏமாறுவோம். 1991-இல் மேஜர் லீக்கின் புள்ளிவிவரக் குழு, ஒன்பது இன்னிங்ஸுக்குக் குறையாமல், ஆட்டம் முடியும் வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால் மட்டுமே நோ-ஹிட்டர் என்று வரையறுத்தது. ஹாடிக்ஸின் ஆட்டம் அதோடு பட்டியலிலிருந்து நீங்கியது. எர்னி ஷோரின் 1917 ஆட்டமும் இடம் மாறியது. அன்று முதல் பேட்டருக்கு வாக் கொடுத்துவிட்டு அம்பயரோடு மோதி வெளியேற்றப்பட்டவர், அப்போது பிட்சராக இருந்த பேப் ரூத். பதிலாக வந்த ஷோர், முதல் பேஸில் நின்றவர் திருட்டோட்டத்தில் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடும் முயற்சியில்) அவுட் ஆன பிறகு, எஞ்சிய 26 பேரையும் வீழ்த்தினார். நெடுங்காலம் முழுமை ஆட்டமாக, அதாவது ஒருவரையும் பேஸை எட்டவிடாத ஆட்டமாகக் கருதப்பட்ட அது, இப்போது இருவர் சேர்ந்து வீசிய நோ-ஹிட்டர் என்று குறிக்கப்படுகிறது. அதே குழுதான் 1961-இல் 162 ஆட்டப் பருவத்தில் 61 ஹோம் ரன் அடித்த ரோஜர் மாரிஸையும், 1927-இல் 154 ஆட்டப் பருவத்தில் 60 அடித்த ரூத்தையும் தனித்தனி வரிகளில் காட்டும் வழக்கத்தை நீக்கியது.

எண்களும் திருத்தப்படுகின்றன. சிகாகோ கப்ஸின் ஹாக் வில்சன் 1930-இல் ஈட்டித் தந்த ரன்கள் 190 என்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அச்சிடப்பட்டன. சக வீரர் ஒருவரின் பெயரில் தவறாக எழுதப்பட்டிருந்த ஒரு ரன்னை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, 1999-இல் அது 191 ஆனது.

டை காப் விவகாரம் இன்னும் ஆழமானது. 1910-இல் அவர் ஆடிய ஓர் ஆட்டம் லீக் ஏட்டில் இரண்டு முறை பதிவாகி, இல்லாத இரண்டு ஹிட்கள் கணக்கில் ஏறிவிட்டதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின் கண்டறிந்தனர். அதை நீக்கினால் அந்த ஆண்டின் சராசரிப் பட்டம் நாப் லாஜொய்க்குப் போகும். ஆனால் லாஜொயின் கணக்கும் மாசற்றதாக இல்லை. பருவத்தின் கடைசி நாளில் எதிரணி மூன்றாம் பேஸ் தடுப்பாளரை வேண்டுமென்றே தள்ளி நிறுத்தியதால், அவர் எளிதாகப் பன்ட் செய்து (பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு) ஹிட்களைக் குவித்தார். 1981-இல் ஆணையர் பதிவை மாற்ற மறுத்துவிட்டார். இதன் விளைவு 1985-இல் தெரிந்தது. காப்பின் 4191-ஐத் தாண்டிய 4192-ஆவது ஹிட்டைப் பீட் ரோஸ் செப்டம்பர் 11 அன்று சின்சினாட்டியில் அடித்தபோது ஊரே எழுந்து நின்றது. காப்பின் உண்மையான கணக்கு 4189 என்றால், ரோஸ் அவரைத் தாண்டியது மூன்று நாள்களுக்கு முன்பு சிகாகோவில், யாரும் கொண்டாடாத ஒரு ஹிட்டில். ஒரு நூலில் 4191 என்றும் இன்னொன்றில் 4189 என்றும் கண்டால் குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் வரலாறு உண்டு.

2024 மே மாதம், நிறப் பாகுபாட்டால் மேஜர் லீக்கிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் 1920 முதல் 1948 வரையிலான பதிவுகள் மேஜர் லீக் ஏட்டில் இணைக்கப்பட்டன. ஜாஷ் கிப்சன் 0.372 வாழ்நாள் சராசரியோடு டை காப்பைக் கடந்து முதலிடம் பெற்றார். அந்த லீக்குகளின் பருவங்கள் குறுகியவை என்று சிலர் குறைகூறுகிறார்கள். குறுகியிருந்தது உண்மை, ஆனால் அவரை நீண்ட பருவம் ஆடவிடாமல் தடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் முறை. வகுக்கும் எண்ணைப் பார்க்கும் பழக்கம் இங்கே வரலாற்றையும் பார்க்கச் சொல்கிறது.

எது எவ்வளவு அரியது என்று எடைபோடுங்கள்

ஸ்டான் மியூசியல் அடித்த ஹிட்கள் 3630. சொந்த மைதானத்தில் 1815, வெளியூரில் 1815. படித்தவுடன் சிலிர்க்கிறது. ஆனால் ஒரு நாணயத்தை 3630 முறை சுண்டினால் தலையும் பூவும் மிகச் சரியாகப் பாதிப் பாதி விழ வாய்ப்பு எவ்வளவு? 2-ஐ, 3.1416 பெருக்கல் 3630-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், ஏறத்தாழ 0.013, அதாவது 75-இல் ஒன்று. 3000 ஹிட்களைக் கடந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருக்க, அவர்களில் ஒருவருக்கு இப்படி அமைவது அழகானது என்றாலும் நம்ப முடியாதது ஆகாது.

இதையே ஜோ டிமாஜியோ 1941-இல் தொடர்ச்சியாக 56 ஆட்டங்களில் ஹிட் அடித்ததற்குப் பொருத்துங்கள். அவருடைய வாழ்நாள் சராசரி 0.325. ஓர் ஆட்டத்தில் நான்கு அட்-பேட் என்று கொண்டால், நான்கிலும் ஹிட் அடிக்காமல் போகும் வாய்ப்பு 0.675-இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.208. குறைந்தது ஒரு ஹிட்டாவது கிடைக்கும் வாய்ப்பு 0.792. அதை 56 முறை பெருக்கினால் நாலரை லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடும். தொடர் எந்த ஆட்டத்திலும் தொடங்கியிருக்கலாம் என்பதால் உண்மை வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு கூடும். ஆயினும் மியூசியலின் 75-இல் ஒன்றோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில் தொடர் அறுந்த பிறகு, அவர் அடுத்த 16 ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார்.

வாய்ப்பே அரிதாகக் கிட்டும் சாதனைகளும் உண்டு. 1999 ஏப்ரல் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களிலும் சக வீரர்கள் நிற்கையில் அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார், அதுவும் சான் ஹோ பார்க் என்ற ஒரே பிட்சரிடம். ஓர் இன்னிங்ஸில் இருமுறை பேட் செய்யக் கிடைப்பதே அரிது. இருமுறையும் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்க வேண்டும். முதல் அடிக்குப் பிறகும் அந்தப் பிட்சரை மாற்றாமல் விட்டிருக்க வேண்டும். திறமைக்கு முன்னால் இத்தனை கதவுகள் திறக்க வேண்டியிருப்பதால், இதை மிஞ்ச யாரும் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாளையும் இடத்தையும் பாருங்கள்

சில விந்தைகள் எண்ணில் தெரியாது. தேதி, ஊர், அணி என்ற பத்திகளில் ஒளிந்திருக்கும். 1982 ஆகஸ்ட் 4 அன்று ஜோயல் யங்பிளட் என்ற பெயரைத் தேடினால் இரண்டு வரிகள் கிடைக்கும். பகலில் சிகாகோவில் மெட்ஸ் அணிக்காக ஃபெர்குசன் ஜென்கின்ஸிடம் ஒரு ஹிட். ஆட்டத்தின் நடுவே மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு மாற்றப்பட்டு, விமானம் ஏறி, இரவில் பிலடெல்ஃபியாவில் ஸ்டீவ் கார்ல்டனிடம் ஒரு ஹிட். ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இரண்டு அணிகளுக்காக அடித்தவர் அவர் ஒருவரே. எதிர்கொண்ட பிட்சர்கள் இருவரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

இத்தகைய வரிகளைத் தேட, பழைய ஆட்டங்களைப் பந்துக்குப் பந்து மீட்டெடுக்கும் ரெட்ரோஷீட் அமைப்பின் தளமும், பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளமும் போதுமானவை. குறிப்புகளில் 6-4-3 போன்ற எண்களைக் கண்டால் அவை தடுப்பாளர்களின் இடங்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் முறையே 3, 4, 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடம், நடு, வலம் முறையே 7, 8, 9. கே என்ற எழுத்து ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும்.

தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கமாக நான் சொல்வது 2024 ஜூன் 26 அன்று பாஸ்டனில் தொடங்கிய ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் டொரான்டோவின் டேனி ஜேன்சன் பேட் செய்துகொண்டிருந்தபோது மழை குறுக்கிட, ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இடையில் அவர் பாஸ்டன் அணிக்கே மாற்றப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, அவர் தொடங்கிவைத்த வாய்ப்பை முடிக்க வேறொருவர் மட்டையோடு வந்தார். பின்னால் பாஸ்டனின் கேட்சராகக் குந்தியிருந்தவர் ஜேன்சன். பாக்ஸ் ஸ்கோரில் இரண்டு அணிகளின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டிலும் இருக்கும். பிறகு இரண்டு அணிகளுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து, கணக்குப் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.